விதியா, சபையா?

'இலியட்' என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர், "எல்லாம் விதிப்படிதானே நடக்குது, மனுஷங்க வெறும் பொம்மைங்க" என்று முடித்துவைத்துவிடுகிறார். நானும் ஒரு காலத்தில் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். இப்போது கேட்டால் எரிச்சல் வருகிறது.

16ஆம் காண்டத்தைத் திறந்து பாருங்கள். ஜீயஸின் மகன் சார்பீடன், பட்ரோக்ளஸ் கையால் சாகப்போகிறான். அவனை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்ச் சொந்த ஊரான லிசியாவில் விட்டுவிடலாமா என்று ஜீயஸ் தவிக்கிறான். ஹீரா என்ன சொல்கிறாள்? அவன் சாக வேண்டியவன் என்று நினைவூட்டுகிறாள், சரி. ஆனால் காப்பாற்ற முடியாது என்று அவள் சொல்லவே இல்லை. செய்துகொள், மற்ற தெய்வங்கள் எல்லோரும் அதை மெச்சமாட்டார்கள் என்கிறாள். இன்றைக்கு நீ உன் பிள்ளையைத் தூக்கினால் நாளைக்கு ஒவ்வொருவரும் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள் என்கிறாள். ட்ராயைச் சுற்றித் தெய்வங்களின் பிள்ளைகள் நிறையப்பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்களே! ஜீயஸ் அடங்கிப்போகிறான். மகனுக்காக ரத்தத்துளிகளை மழையாகப் பொழிகிறான், அவ்வளவுதான்.

அவன் கையைக் கட்டியது சபை. 22ஆம் காண்டத்தில் ஹெக்டருக்காக அவன் மனம் இளகும்போது, அதீனாவிடமிருந்தும் கிட்டத்தட்ட இதே பதில்தான்.

பொன் தராசு இருக்கிறதே, அது விதிதானே என்பீர்கள். சரி, 20ஆம் காண்டத்தை என்ன செய்வீர்கள்? ஈனியஸ் பிழைப்பான் என்பது விதி. ஆனால் அப்போலோ உசுப்பிவிட, அகிலீஸ் முன்னால் போய் நிற்கிறான், விட்டால் செத்திருப்பான். எதிரணியில் இருக்கும் பொசைடன் பதறி ஓடிவந்து காப்பாற்றுகிறான். தானாக நடக்கிற விதிக்கு ஆள் எதற்கு?

விதி என்று நாம் மொழிபெயர்க்கும் 'மொய்ரா'வுக்கு அடிப்படைப் பொருள் பங்கு. (நம் 'பால்' என்ற சொல்லுக்கும் பகுப்பு, ஊழ் என்று இரண்டு பொருளும் உண்டு.) 9ஆம் காண்டத்தில், சண்டைக்கு வராதவனுக்கும் உயிரைக் கொடுத்தவனுக்கும் ஒரே பங்கா என்று அகிலீஸ் கொதிக்கும்போது வருவதும் இதே மொய்ராதான். அதே பேச்சில் தனக்கு இரண்டு முடிவுகள் இருப்பதாகவும் சொல்கிறான்: இங்கே நின்றால் புகழோடு சாவு, ஊர் திரும்பினால் நீண்ட ஆயுள். பட்ரோக்ளஸ் செத்தபிறகு அவன் தெரிந்தே சாவைத் தேர்கிறான். அவனைப் பொம்மை என்றால் அந்தத் துக்கத்தை என்ன செய்வது?

பொம்மை வாதத்தை முதலில் பேசியவன் வேறு யாருமில்லை, அகமெம்னான். 19ஆம் காண்டத்தில் படை முழுக்கக் கூடியிருக்க, நான் காரணமில்லை, ஜீயஸும் மொய்ராவும் எரினியும்தான் என் புத்தியைக் கெடுத்தார்கள் என்கிறான். சொல்லிவிட்டு அவனால் சும்மா உட்கார முடிந்ததா? 7 முக்காலிகள், 20 கொப்பரைகள், 12 குதிரைகள், 10 தாலந்து பொன், கூடவே பிரிசெயிஸ் என்று எல்லாவற்றையும் சபை நடுவில் கொண்டுவந்து வைக்க வேண்டியிருந்தது.