ஒற்றை எண் போதாது!

"கொலஸ்திரோல் இருநூறுக்குக் கீழே, பயமில்லை." கண்டி நகரிலும் கலகா, தெல்தோட்டைத் தோட்டங்களிலும் இச்சொல் ஆறுதல் மொழியாக வழங்கி வருகிறது. அந்த ஆறுதல் முழு உண்மையன்று. மொத்தக் கொலஸ்திரோல் இதயத்தைப் பற்றி ஓரளவு சொல்லும். ஈரலிற் கொழுப்புப் படிந்திருக்கிறதா என்பதற்கு அதனை மட்டும் நம்புதல் தகாது.

காரணம் எளிது. சோறும் கோதுமை ரொட்டியும் சீனியும் தேவைக்கு மிஞ்சினால், ஈரல் அவற்றைத் திரைகிளிசரைட்டு என்னும் கொழுப்பாக மாற்றுகிறது. ஒரு பகுதி ஈரலிலேயே தங்குகிறது. மறு பகுதி இரத்தத்தில் ஏறுகிறது. அது ஏற, எச்.டி.எல். என்னும் நல்ல கொலஸ்திரோல் இறங்குகிறது. இவ்விரண்டும் நிலைகுலைந்திருக்கும்போதும் மொத்த எண் "நலம்" என்று சாட்சி சொல்லக்கூடும்.

திரைகிளிசரைட்டு டெசிலீற்றருக்கு 150 மில்லிகிராமை எட்டுவதையும், எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழே இறங்குவதையும், உலக ஈரல் மருத்துவ அறிஞர்கள் 2023இல் வகுத்த வரையறை ஆபத்துக் குறிகளாகச் சேர்த்துள்ளது. இடுப்புச் சுற்றளவு, இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியனவும் அவ்வரிசையில் நிற்கின்றன. இவை சந்தேகத்தை எழுப்பும் சாட்சிகள்; கொழுப்பைக் கண்டறிய ஸ்கான் பரிசோதனை வேண்டும்.

உழைப்பவனுக்கு இந்நோய் அணுகாது என்பார் உளர். ராகமையில் நடைபெற்று 2009இல் வெளியான ஆய்வு, 35 முதல் 64 வயது வரையான நகரவாசிகளுள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு ஈரலிற் கொழுப்பைக் கண்டது. நுவரெலியா மாவட்டத் தோட்டங்களைப் பற்றி 2011இல் வெளியான ஆய்வோ, உடலுழைப்பில் வாழும் மக்களிடையேயும் ஏறத்தாழ 18 சதவீதத்தினரிடம் அதனைக் கண்டது. கொழுந்துக் கூடையும் மண்வெட்டியும் மட்டுமே காப்பாகா என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆதலின் நாம் கேட்பன மூன்று. தோட்ட மக்களும் மரக்கறி விவசாயிகளும் எளிதிற் சென்றடையும் அரச சுகாதார நிலையங்களில் முழுமையான இரத்தக் கொழுப்புப் பரிசோதனை இலவசமாகக் கிடைத்தல் வேண்டும். ஆபத்துக் குறி தென்பட்டோரைக் கண்டி, பேராதனை வைத்தியசாலைகளுக்கு ஸ்கான் பரிசோதனைக்கு அனுப்புவதற்கு ஒழுங்கான முறை வேண்டும். ஒரு நாட் சம்பளத்தை இழந்து வரிசையில் நிற்பவர் வெறுங்கையோடு திரும்பலாகாது. பெறுபேற்றின் பொருள் தமிழில் எழுதித் தரப்படுதல் வேண்டும். அரச அதிகாரிகளோடு தமிழில் தொடர்புகொண்டு தமிழிலேயே பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை நமக்கு வழங்கியிருக்கிறது. அவ்வுரிமை ஆய்வுகூடத்தின் வாசலோடு நின்றுவிடுமாயின், அஃது ஏட்டுரிமையே.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி இருத்தலும் முறையன்று. உடற்பருமன் உள்ளோர் தம் எடையிற் பத்தில் ஒரு பங்கைக் குறைப்பின் ஈரலின் கொழுப்பும் அழற்சியும் தணியும் என்பது மருத்துவம் கண்ட உண்மை. தேநீரிற் சீனியைக் குறைப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டா. அடுத்த முறை பரிசோதனைச் சீட்டு கைக்கு வரும்போது, "மொத்தம் எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "திரைகிளிசரைட்டு எவ்வளவு? எச்.டி.எல். எவ்வளவு?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. விளக்குவது அவர்கள் கடமை.