கூடை பின்னினால் வேலை, புத்தகம் படித்தால் சும்மாவா?

காலாண்டு விடுமுறையில் ஒரு வாரம் சிந்தாதிரிப்பேட்டையில் அத்தை வீட்டில் இருந்தேன். சென்னைக்குப் போயிட்டு பீச் பார்த்தியான்னு எல்லாரும் கேக்குறாங்க. பார்க்கலை. வயர் கூடை பின்னினேன், ஒரு நாவல் படிச்சேன், அவ்வளவுதான். அதுல எனக்கு ஒரு கோபம் இருக்கு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அத்தை கூடை பின்னி விற்கிறாங்க. 2019 ஜனவரி 1 முதல் கடைகளில் பிளாஸ்டிக் பை கொடுக்கத் தடை வந்த பிறகு வயர் கூடையைத் தேடிக் கேட்கிறாங்களாம். சாதா முடிச்சு எனக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. சிவன் கண் முடிச்சுக்கு மூன்று நாள் ஆச்சு. வயரை இழுத்து இழுத்து விரலெல்லாம் சிவப்புக் கோடு. அடி சரியா அமையலைன்னா கூடை ஒரு பக்கமா சாயும், அப்புறம் பிரிச்சுட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.

நான் கூடையோட உட்கார்ந்தா யாரும் கூப்பிட மாட்டாங்க. புத்தகத்தை எடுத்தா போதும், “ஏண்டி, சும்மாதானே உக்காந்திருக்க, போய் கறிவேப்பிலை வாங்கிட்டு வா” என்பாங்க. வந்து உட்கார்ந்தா மீன் கழுவணும். அத்தை மகன் கிரிக்கெட் புத்தகம் பார்த்துக்கிட்டு இருந்தான். அவனை மட்டும் “படிக்கிறான், தொந்தரவு பண்ணாதே”ன்னு விட்டுட்டாங்க! நாவலே அவன் நூலக கார்டில் எடுத்ததுதான். அவன் அந்தக் கார்டைத் தொட்டு ஒரு வருஷம் ஆகுதாம்.

சிந்தாதிரிப்பேட்டை என்பது ‘சின்ன தறிப் பேட்டை’ என்பதிலிருந்து வந்த பெயர் என்று சொல்வார்கள். 1734-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கூவம் ஆற்றங்கரையில் நெசவாளர்களைக் குடிவைத்த இடம் அது. தறி போன இடத்தில் இப்போ மீன் மார்க்கெட்டும் பறக்கும் ரயிலும் இருக்கு. நூல் என்ற சொல்லுக்கு நம் தமிழில் இரண்டு அர்த்தம் உண்டு இல்லையா? அது சும்மா வந்ததில்லை. நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூல் நூற்பதையும் நூல் எழுதுவதையும் ஒப்பிடுகிறார். சொல்தான் பஞ்சு, வாய்தான் கை, அறிவுதான் கதிர். நூற்கிற பெண் யார் தெரியுமா? புலவர்! நூல் நூற்கிற பெண்ணைத்தான் படித்தவருக்கு உவமையாகச் சொல்லியிருக்கிறார். 13-ஆம் நூற்றாண்டிலேயே அப்படின்னா, இப்போ நம்ம வீட்டில் மட்டும் ஏன் ஒரு நூலுக்கு மரியாதை, இன்னொரு நூலுக்கு ‘சும்மா’?

கூடைக்குக் காசு வரும், கதை படிச்சா என்ன வரும் என்று கேட்பார்கள். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் அதற்காகப் பாடுபட்டார். அதனால்தான் வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள். காசு கொடுத்துட்டு நாமதான் படிக்காம இருக்கோம். என் கருத்து இதுதான்: பெண் பிள்ளை புத்தகம் வைத்திருக்கும்போது ஒரு மணி நேரமாவது கூப்பிடாமல் விடுங்கள். கறிவேப்பிலை வாங்க ஆண் பிள்ளைகளுக்கும் கால் இருக்கிறது.

ஐந்தாம் நாள் நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். அத்தை பின்ன, நான் சத்தமாகப் படித்தேன். முதலில் “சரி சரி, மெதுவா படி”ன்னாங்க. ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது, “அந்தப் பொண்ணு அப்புறம் ஆத்தைத் தாண்டினாளா?”ன்னு அவங்களே கேட்டாங்க. மறுநாள் கறிவேப்பிலைக்கு அத்தை மகன் போனான்.

ஊருக்குக் கிளம்பும்போது நாற்பது பக்கம் மிச்சம். புத்தகம் அங்கேயே இருக்கு. எட்டாவதோட நின்ன அத்தை, இப்போ தினம் இரண்டு பக்கம் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாங்களாம். முடிவை போனில் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நம்ம ஊர் நூலகத்தில் அது இருக்கான்னு சனிக்கிழமை போய்ப் பார்க்கணும்.