கத்தியை மட்டும் பார்த்தால் போதுமா?



வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் காயல்பட்டினம், உடன்குடி, குலசேகரன்பட்டினம், திருச்செந்தூர்க் கடைத்தெரு என எங்கும் கோழிக்கடைகளின் முன் நம்மவர் கூட்டம் நிற்கிறது. “அறுத்தவர் யார்? பிஸ்மி சொன்னாரா?” என்று கேட்கிறோம். கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. ஆனால் அந்தக் கோழி ஏறத்தாழ நாற்பது நாள் எதைத் தின்று வளர்ந்தது என்று நம்மில் எவரும் கேட்பதில்லை. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கும் கடற்கரை மக்கள் நாம். கோழி வாங்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றுவோம். பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று நம் வீடுகளில் பேசிக்கொள்கிறோம். அது உண்மையன்று. அதன் வேகமான வளர்ச்சிக்குக் காரணம் இனத்தேர்வும் செறிவான தீவனமுமே. அஞ்ச வேண்டியது வேறொன்று. நோயே இல்லாத கோழிக்கு, எடை கூடுவதற்காகத் தீவனத்தில் அன்றாடம் சிறிதளவு ஆண்டிபயாட்டிக் மருந்தைக் கலக்கும் வழக்கம் அது. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவியது.

சிற்றளவு மருந்து கிருமிகளை முற்றாகக் கொல்வதில்லை. வலுவற்றவற்றை அழித்து, எதிர்த்து நிற்பவற்றைப் பெருகவிடுகிறது. பென்சிலினைக் கண்டறிந்த ஃபிளெமிங் 1945ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே குறைந்த அளவு மருந்தின் இந்த ஆபத்தை எச்சரித்தார். “நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடுமே” என்பர் சிலர். கிருமி சாகும், மருந்தின் எச்சம் எல்லாம் அழிந்துவிடாது. எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமிகளோ கொதிக்கும் சட்டிக்கு வருமுன்பே பண்ணைக் கழிவிலும் நீரிலும் வெட்டுப்பலகையிலும் தொழிலாளியின் கையிலும் பரவிவிடுகின்றன. 2019இல் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளால் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று மதிப்பிடப்பட்டது. நாளை நம் பிள்ளைக்கு நிமோனியா வரும்போது மருந்து வேலை செய்யுமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

இது அயல்நாட்டுக் கதையன்று. 2014இல் டெல்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் தலைநகர்ப் பகுதியில் 70 கோழி மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 40 விழுக்காட்டில் ஆண்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. மனிதருக்குக் கடைசிக் கட்ட மருந்தாகிய கொலிஸ்டினைக்கூடத் தீவனத்தில் கலந்தனர். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதனை உணவுக்கான கால்நடைகளுக்குத் தடைசெய்தது. ஸ்வீடனோ 1986லேயே வளர்ச்சிக்கான ஆண்டிபயாட்டிக்குகளை நிறுத்தியது. 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அவை தடைசெய்யப்பட்டுள்ளன. அங்கே கோழிப்பண்ணைகள் மூடப்பட்டுவிடவில்லை.

“அறுப்பு ஹலால், இதற்கும் மார்க்கத்திற்கும் என்ன தொடர்பு?” என்று கேட்போருக்கு நம் மறுமொழி இது. அல்பகரா அத்தியாயத்தின் 168ஆம் வசனம் ஹலாலோடு ‘தய்யிப்’ என்னும் தூய்மையையும் சேர்த்தே சொல்கிறது. அசுத்தம் தின்னும் பிராணியாகிய ‘ஜல்லாலா’வின் இறைச்சியையும் பாலையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அத்தகைய கோழியை இப்னு உமர் (ரலி) அவர்கள் மூன்று நாள் அடைத்துவைத்த பின்பே உண்டார்கள் என்ற அறிவிப்பும் உண்டு. மருந்து கொடுத்த கோழியைக் குறிப்பிட்ட நாள் கழித்தே அறுக்க வேண்டும் என்று இன்றைய கால்நடை மருத்துவரும் சொல்கிறார். தீவனத்தில் மருந்து கலந்த கோழி ஜல்லாலா என்று நாம் ஃபத்வா கொடுக்கவில்லை. அது ஆலிம்களின் பணி. பிராணி தின்றதையும் கேட்கும் மார்க்கம் நம்முடையது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

மாற்று வழி நம் அடுக்களையிலேயே இருக்கிறது. பூண்டு, மஞ்சள், ஓமம், சீரகம், மிளகு, கீழாநெல்லி, முருங்கையிலை, வேம்பு ஆகியவற்றைக் கோழித் தீவனத்தில் சேர்த்துப் பல நாடுகளில் ஆராய்ந்துள்ளனர். ஓமத்திலுள்ள தைமோலும் பூண்டிலுள்ள அல்லிசினும் கிருமிகளை அடக்கும் தன்மை உடையவை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மரபுசார் மூலிகை மருத்துவத்தைத் தஞ்சைப் பகுதியில் பல்லாண்டு ஆராய்ந்து வந்துள்ளது. மாட்டின் மடிநோய்க்கு அது பரிந்துரைத்த கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்புக் கலவையைத் தேசியப் பால்வள வாரியம் நாடெங்கும் கொண்டுசென்றது.

ஆனாலும் மூலிகையை மந்திரமாக விற்போரையும் நாம் நம்பவில்லை. இலையின் சத்து மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். அளவு தவறினால் பயனில்லை. காற்றோட்டம், ஈரமில்லாத தரை, நெரிசலின்மை, உரிய தடுப்பூசி ஆகியவை இல்லாத பண்ணையில் எந்த மூலிகையும் எடுபடாது. நோயுற்ற கோழிக்கு மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுப்பதும் தவறன்று; கொடுக்காமல் வதைப்பதே தவறு. நாம் எதிர்ப்பது நோயற்ற கோழிக்குத் தினமும் ஊட்டுவதை.

பண்ணையாளரை மட்டும் குற்றம் சாட்டுவதும் நியாயமன்று. பல்லடம் பகுதி போன்ற இடங்களில் ஒப்பந்த முறையில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனமே தருகிறது. விவசாயி வளர்ப்புக் கூலி பெறுகிறார். ஆகவே கேள்வி நிறுவனம் வரை போக வேண்டும். தனியொருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஜமாஅத் கேட்டால் பதில் சொல்வார். ஒரு வலீமாவுக்கு எத்தனை கோழி வாங்குகிறோம்! அந்தக் கொள்முதலின்போது, வளர்ச்சிக்காக ஆண்டிபயாட்டிக் கலக்காத தீவனம் என்று எழுத்தில் கேட்போம். ஹலால் சான்று வழங்குவோர் தீவனத்தையும் விசாரிக்கட்டும். விலை சற்றுக் கூடினால், விருந்தில் ஒரு துண்டு குறையட்டும். விருந்தின் பரக்கத் குறையாது.

தூய்மையானதைத் தேடி உண்ணவும், பிறருக்குத் தீங்கிழைக்காமல் தொழில் செய்யவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.