ஹாலுக்கு 5,000 ரூபாய் போதும், சுவருக்கு ஒரு ரூபாயும் வேண்டாம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை, எளாவூர் பக்கம் ஒரு சின்ன வாடகை வீடு, பிடித்தம் போக கைக்கு வர்றது இருபதோ இருபத்தஞ்சாயிரமோ. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ஹால்ல உட்கார்ந்தா மனசே ஒட்டலை. போனைத் திறந்தா சோபா, வால்பேப்பர், டிவி யூனிட். கீழேயே “மாசம் 2,000 தான்”னு ஒரு பட்டன். அதை அழுத்தறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வாடகை வீட்டில், காலி பண்ணும்போது உங்க கூட வராத எதுக்கும் காசு போடாதீங்க.

சுவரையே எடுத்துக்கோங்க. ஹாலுக்கு வால்பேப்பரும் பெயின்ட்டும் சேர்த்து 11,000 ஆகுதுன்னு வெச்சுக்குவோம். நம்ம ஊர்ல ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாசம். அப்போ வாடகையோட மாசம் ஆயிரம் ரூபாய் கூடுதலா கட்டறீங்க, அதுவும் வீட்டுக்காரரோட சுவருக்கு! போகும்போது “சுவர்ல ஓட்டை, பசைக் கறை”ன்னு அட்வான்ஸ்ல பிடித்தாலும் பிடிப்பார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் அட்டவணையில், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் அடிப்பதும் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. உங்க ஒப்பந்தத்தில் வேற மாதிரி எழுதியிருந்தா கதை மாறும். அதனால கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே கேளுங்க: “குடி வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை வெள்ளையடிச்சுக் கொடுத்துடுங்க சார்.” அந்த ஒரு வாக்கியத்துக்குச் செலவே கிடையாது.

அடுத்தது அந்த ‘நோ காஸ்ட்’ இஎம்ஐ. 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு, ஜீரோ வட்டின்னு ஒண்ணு கிடையாது, அது பிராசஸிங் கட்டணம் மாதிரி வேற பேர்ல ஒளிஞ்சிருக்கும்னு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24,000 ரூபாய் சோபா, 12 தவணை, மாசம் 2,000. வங்கி 15% வட்டி வெச்சிருந்தா, அந்த 24,000-க்குள்ள சுமார் 1,842 ரூபாய் வட்டிதான். அதை விலையில் கழிச்ச மாதிரி காட்டுவாங்க. ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, 332 ரூபாய், உங்க தலையில. பிராசஸிங் கட்டணம் 199-ன்னா வரியோட 235. ஆக 567 ரூபாய் போச்சு. மொத்தமா பணம் கட்டறவங்களுக்குக் கிடைக்கிற தள்ளுபடியும் சில சமயம் உங்களுக்குக் கிடைக்காது. 567 பெரிய தொகை இல்லைன்னு சொல்வீங்க. சரி, ஆனா ஒரு வருஷத்துக்கு உங்க ஓவர்டைம் காசு அந்த சோபாவுக்கே போகுமே, அதுதான் எனக்கு உறுத்துது.

அந்த சோபா இந்த ஊர்ல எத்தனை நாள் தாங்கும்? எளாவூருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி, இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உப்புங்கழி. காத்துல எப்பவும் ஈரமும் உப்பும் இருக்கும். ஆன்லைன்ல மலிவா வர்ற டிவி யூனிட் பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செஞ்ச பார்ட்டிகிள் போர்டு. ஓரத்துல ஒட்டின பட்டை லேசா விட்டுக்கிச்சுன்னா ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பிடும். உப்பினது திரும்ப அடங்காது. இரும்பு ஸ்டாண்டா இருந்தா துரு. வால்பேப்பர் மூலையில் இருந்து உரியும்.

அப்போ என்னதான் பண்றது? முதல் வேலை, எடுக்கிறது. போகி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இந்த ஞாயித்துக்கிழமையே காலி அட்டைப்பெட்டி, உடைஞ்ச நாற்காலி, கொடியில் தொங்கற துணி எல்லாத்தையும் ஹாலை விட்டு வெளியேத்துங்க. பாதி அழகு இதிலேயே வந்துடும், சும்மா சொல்லலை.

அப்புறம் வெளிச்சம். பளீர்னு அடிக்கிற ட்யூப்லைட்டை மட்டும் நம்பாம, மூலையில் 9 வாட் ‘வார்ம் ஒயிட்’ எல்இடி ஒண்ணு போடுங்க. தினம் 5 மணி நேரம் எரிஞ்சாலும் ரெண்டு மாசத்துக்கு 3 யூனிட்கூட ஆகாது. ஹோல்டரோட சேர்த்து 400 ரூபாய் ஒதுக்குங்க.

துணிக்குத்தான் நான் தாராளமா செலவு பண்ணச் சொல்வேன். ஜன்னல் திரைக்கு 1,200. தரைக்கு ஒரு பவானி ஜமக்காளம், 1,500. கோ-ஆப்டெக்ஸ்ல தீபாவளி நேரத்துத் தள்ளுபடியைப் பார்த்து வாங்குங்க. மாதாந்திர சேமிப்புத் திட்டமும் அங்கே இருக்கு, விதிகளைக் கடையிலேயே கேட்டுக்கோங்க. கடன் வாங்கித் தவணை கட்டறதுக்கு இது நேர் எதிர், முதல்ல சேர்த்துட்டு அப்புறம் வாங்கறது.

குஷன் உறைக்கு என்னோட யோசனை கட்டம் போட்ட கைலி. சிரிக்காதீங்க! டச்சுக்காரங்க 1613-ல பழவேற்காட்டில் ஜெல்ட்ரியா கோட்டை கட்டி உட்கார்ந்ததே இந்தக் கரையோரத் துணி வியாபாரத்துக்காகத்தான். கலர் கைக்குட்டைக்கு ஆங்கிலத்துல ‘புலிகாட்’னே ஒரு பேர் இருந்துச்சு. ரெண்டு மீட்டர் கைலி ஒண்ணுல 16 அங்குல குஷனுக்கு நாலு உறை வரும். தையல் கூலியோட 700 போதும்.

கடைசியா பனையோலை. பழவேற்காட்டுப் பெண்கள் முடையற கூடை, பெட்டி, தட்டு எல்லாம் நகரத்துக் கடைகளுக்குப் போய் விலை ஏறுது. நமக்கு அது பக்கத்து ஊர். எளாவூர்ல ரயில் ஏறி பொன்னேரியில் இறங்கினா பழவேற்காட்டுக்கு பஸ் இருக்கு. 800 ரூபாயோட போங்க. சார்ஜர், ரிமோட், சாவி போட ஒரு பெட்டி, அழுக்குத்துணிக்கு ஒரு மூடி போட்ட கூடை, சுவர்ல இருக்கிற பழைய ஆணியிலேயே மாட்ட ரெண்டு வட்டத் தட்டு. பேரம் பேசறேன்னு ஒரு நாள் உழைப்பைப் பாதியாக்கிடாதீங்க. ஒரு குறையும் சொல்லிடறேன்: மழைக்காலத்தில் ஓலையில் பூஞ்சை பூக்கும், அப்பப்ப வெயில்ல காய வைக்கணும்.

கூட்டிப் பாருங்க, 4,600. மிச்சம் 400-ஐ பஸ், ரயில், டீக்கு வெச்சுக்கோங்க. நாளைக்கே வேலை மாறி ஸ்ரீபெரும்புதூர் போனாலும் எல்லாம் ரெண்டு சாக்குல அடங்கிடும், மினி லாரி தேவையில்லை.

உங்க ஹாலுக்கு எவ்வளவு ஆச்சு, எங்கே வாங்கினீங்கன்னு கமென்ட்ல போடுங்க. கோ-ஆப்டெக்ஸ் சேமிப்புத் திட்டத்தில் சேர்ந்தவங்க யாராவது இருந்தா, அனுபவத்தைக் கட்டாயம் எழுதுங்க.