தலையாலங்கானத்துக்கு ஒரு மார்க், குளத்துக்கு இரண்டு!



தலையாலங்கானத்துப் போரில் வென்றவன் யார் என்று கேட்டால், சட்டென்று கை தூக்கி விடுவீர்கள். பாண்டியன் நெடுஞ்செழியன்! மதுரையை ஆண்டவன். (சிலப்பதிகாரத்தில் வரும் நெடுஞ்செழியன் வேறு, குழப்பிக் கொள்ளாதீர்கள்.) மிகச் சிறு வயதில் பட்டத்துக்கு வந்தவன். சின்னப் பையன் தானே என்று சேரனும், சோழனும், ஐந்து குறுநில மன்னர்களும் கூட்டுச் சேர்ந்து போருக்கு வந்தனர். ஏழு பேரையும் ஒரே போரில் வென்றான்.

ஆனால், அதே மன்னனிடம் குடபுலவியனார் என்ற புலவர் என்ன சொன்னார் என்று கேட்டால், கை தூக்குவோர் குறைவு. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

புறநானூற்றின் 18ம் பாட்டு அது. புகழ்ந்து விட்டுப் பரிசோடு போயிருக்கலாம்; அவர் போகவில்லை. மறுமை இன்பமோ, பகைவரை வெல்லும் வலிமையோ, அழியாத புகழோ, எது வேண்டுமானாலும், பள்ளம் பார்த்து நீரைத் தேக்கு; வானத்தை மட்டும் நம்பிய நிலம் எவ்வளவு பெரிதானாலும் மன்னனுக்கு உதவாது என்பது அவர் சொன்னதன் சாரம். ஏழு பேரை வென்றவனிடம் போய், குளம் வெட்டு என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

போருக்கும், குளத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பழைய சீனாவில் ஏழு நாடுகள் 200 ஆண்டுகளுக்கு மேல் சண்டையிட்டன. சின் நாட்டைக் கண்டு பயந்த ஹான் நாட்டினர், ஒரு தந்திரம் செய்தனர். கி.மு., 246ல், செங் குவோ என்ற நீர்ப்பாசன நிபுணரை அங்கே அனுப்பி, பெரிய கால்வாய் வெட்ட ஆசை காட்டினர். வெட்டியே களைத்து விடுவர், படையெடுக்க மாட்டார்கள் என்று கணக்கு!

பாதியில் குட்டு வெளிப்பட்டது. அவரைக் கொல்லப் போனபோது, ஒற்றனாக வந்தது உண்மை தான், ஆனால், கால்வாய் முடிந்தால் லாபம் சின் நாட்டுக்குத் தானே என்று கேட்டாராம். வேலையை முடிக்க விட்டனர். தானியம் குவிந்தது, படைக்குச் சோற்றுக் கவலை தீர்ந்தது. கி.மு., 230ல் முதலில் விழுந்தது ஹான் நாடு தான்! கி.மு., 221க்குள் மற்ற ஐந்தும் விழுந்தன.

வீரக்கதை படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேள்வித்தாள் என் கையில் இருந்தால், தலையாலங்கானத்துக்கு ஒரு மார்க், குடபுலவியனாருக்கு இரண்டு மார்க் போடுவேன்.

தல்லாகுளம், பீபிகுளம் என்று மதுரையில் எத்தனை பெயர்கள்! பெயரில் தான் குளம் இருக்கிறது. 2024 அக்டோபர் மழையில், செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, நினைவிருக்கிறதா? உங்கள் ஊர்க் கண்மாயின் பெயர் என்ன, மடை எங்கே, கலுங்கு எங்கே, நிரம்பினால் தண்ணீர் எந்தக் கண்மாய்க்குப் போகும் என்று, இந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தா, பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள்.