வலி எங்கே என்று கேட்கிறவர்களுக்கு

போன வருஷம் ஒரு துப்பறியும் கதை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். வங்கி லாக்கரில் திருட்டு; துப்புத் துலக்குகிறவள் சேரியில் பிறந்த காசாளர். ஆசிரியர் போனில் சொன்னார்: "விறுவிறுப்பாத்தான் இருக்கு. ஆனா இதுல உங்க வலி எங்க? கறுப்பர்கள் எழுதினதப் படிச்சுப் பாருங்க."

படித்துவிட்டுத்தான் எழுதினேன் ஐயா. நீங்கதான் படிக்கல.

கறுப்பு இலக்கியம் என்றால் இவர்களுக்குச் சாட்டையடி, ஏலம், கண்ணீர். அந்தக் கண்ணீருக்கும் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். 1773இல் லண்டனில் ஃபிலிஸ் வீட்லியின் கவிதைத் தொகுதி அச்சானது. ஆப்பிரிக்காவில் சிறுபிள்ளையாகக் கடத்தப்பட்டு பாஸ்டனில் விற்கப்பட்டவள். அடிமைப் பெண் கவிதை எழுதுவாளா? எழுதினாள்தான் என்று பாஸ்டன் பெரிய மனிதர்கள் 18 பேர், கவர்னர் உட்பட, கொடுத்த சான்று புத்தகத்திலேயே இருக்கிறது. 1845இல் ஃபிரெடரிக் டக்ளஸ் தன் வாழ்க்கையை எழுதியபோதும் முன்னால் இரண்டு வெள்ளையர்கள்: காரிசனின் முன்னுரை, ஃபிலிப்ஸின் கடிதம். எங்கள் கிளையின் பழைய கணக்குத் திறப்புப் படிவங்களில் 'அறிமுகம் செய்பவர் கையெழுத்து' என்று ஒரு கட்டம் உண்டு. வங்கியே அதை எடுத்துவிட்டது. இலக்கியவாதிகள் எடுத்தபாடில்லை.

டக்ளஸைக் கட்டாயம் படியுங்கள். ஏழை வெள்ளைப் பையன்களுக்கு ரொட்டியைக் கொடுத்து எழுத்துக் கற்றாரே, அந்தச் சாமர்த்தியத்துக்காகப் படியுங்கள். அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள்.

டு பாய்ஸ் தெரியுமா? 1946இல் கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி கேட்டு அம்பேத்கர் கடிதம் எழுதினாரே, அவர்தான். பெரிய சமூகவியலாளர் என்பதோடு நிறுத்திவிடுவார்கள். 1920இல் வந்த 'டார்க்வாட்டர்' புத்தகத்தில் 'வால்நட்சத்திரம்' என்று ஒரு விஞ்ஞானக் கதை எழுதியிருக்கிறார். நியூயார்க்கில் ஒரு வங்கி. அங்கே ஜிம் என்கிற கறுப்பன் கடைநிலை ஊழியன். அடித்தளப் பெட்டக அறைக்குப் போய்ப் பழைய பதிவேடுகளை எடுத்துவரச் சொல்கிறார்கள். ஆபத்தான இடம், முக்கியமான ஆளை அனுப்ப முடியாதில்லையா! (எங்கள் கிளையில் கட்டுக் கட்டாய்த் தூசிக் கோப்பு இறக்கணும்னா மேனேஜர் கண் யார் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியும்.) அவன் மேலே வரும்போது வால்நட்சத்திரத்தின் விஷவாயுவில் ஊரே செத்துக் கிடக்கிறது. கீழே தள்ளினார்களே, அதனால் பிழைத்தான். இன்னொரு உயிர் பணக்கார வெள்ளைக்காரி ஒருத்தி. சில மணி நேரம் இருவரும் வெறும் மனிதர்கள். அப்புறம் அவள் அப்பா ஆட்களோடு வந்து சேர்கிறார். செத்தது நியூயார்க் மட்டும்தான், வெளியே உலகம் அப்படியே இருக்கிறது. அந்த நொடியில் ஜிம் மறுபடி கறுப்பன். கூட்டத்தில் ஒரு குரல் அவனை அடித்துக் கொல்லச் சொல்கிறது. அப்பா பணம் நீட்டுகிறார். முடிவைச் சொல்ல மாட்டேன்.

இதில் வலி எங்கே என்று கேளுங்களேன் பார்ப்போம்.

செஸ்டர் ஹைம்ஸ் சிறையில் எழுத ஆரம்பித்து பாரிஸ் போய்ச் சேர்ந்தவர். ஹார்லெமின் இரண்டு கறுப்புத் துப்பறிவாளர்களை வைத்து நாவல் நாவலாய் எழுதினார். 1958இல் ஃபிரான்சில் துப்பறியும் இலக்கியப் பரிசு. சிரித்துக்கொண்டே இருப்பீர்கள், திடீரென்று ரத்தம்.

இயக்கத் தோழர்களுக்கும் ஒன்று சொல்லணும். 1937இல் ஸோரா நீல் ஹர்ஸ்டன் ஒரு காதல் நாவல் எழுதினார், உரையாடலெல்லாம் ஊர்ப் பேச்சில். கருத்தே இல்லை, வெள்ளையரைக் குஷிப்படுத்துகிற எழுத்து என்று அதே வருஷம் தாக்கியவர் ரிச்சர்ட் ரைட். கறுப்பர்தான், இடதுசாரிதான். ஹர்ஸ்டன் 1960இல் வறுமையில் செத்தார். கல்லறைக்குக் கல்கூட இல்லை. 1973இல் ஆலிஸ் வாக்கர் புதர்க்காட்டில் தேடிப் போய் நட்டார். ரைட்டின் நாவல்கள் எனக்குப் பிடிக்கும். இந்த விஷயத்தில் அவர் பக்கம் நிற்க மாட்டேன். நம் கூட்டங்களிலும் காதல் கவிதை வாசித்தால் முகம் சுளிக்கிற தோழர்கள் உண்டு.

ஆக்டேவியா பட்லரின் 'கின்ட்ரெட்' 1979இல் வந்தது. 1976இன் கறுப்பு எழுத்தாளர் டானாவைக் காலம் பின்னால் இழுத்து அடிமைத் தோட்டத்தில் போடுகிறது. அங்கே ஒரு வெள்ளைப் பையனை அவள் திரும்பத் திரும்பக் காப்பாற்றியாக வேண்டும். அவன்தான் அவளுடைய மூதாதை. அவன் செத்தால் இவள் பிறக்க மாட்டாள். இரவெல்லாம் படித்துவிட்டு மறுநாள் கவுண்டரில் நோட்டை இரண்டு தரம் தப்பாய் எண்ணினேன்.

என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, அட்டை பிய்ந்தது. கேட்டால் தருவேன். பதினைந்து நாளில் திருப்பிக் கொடுத்துடணும். அந்த ஆசிரியர் கேட்டாலும் தருவேன்.