தாறுமாறாகத் துடிக்கும் இதயம்... மறதிக்கும் காரணமாகுமா?

பொழுது விடிவதற்கு முன்பே போடியிலிருந்து ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டைத் தாண்டினால் ஏலத்தோட்டங்கள். காய் எடுக்கப் போகும் பெண்களுக்குத் தூக்குவாளியை நிரப்பவே நேரம் போதாது. இதில் மாத்திரை எங்கே ஞாபகம் வரும்? 'நெஞ்சு வலி இல்ல, படபடப்பும் இல்ல. ஒருநாள் போடாட்டி என்ன?' என்று தோன்றுவது இயல்புதான். ஆனால், அது ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை என்றால், அந்த அலட்சியம் மூளை வரை பாதிக்கலாம்.

இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்குவதற்கு 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று பெயர். அப்போது இடது மேலறையை ஒட்டியுள்ள சிறு பையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளையின் ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம். இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு அதிகம்.

மிகச் சிறிய கட்டிகள் அடைத்தால் வாய் கோணாது, கை கால் இழுக்காது. மூளையில் சின்னச் சின்ன இடங்கள் மட்டும் சத்தமில்லாமல் செயலிழக்கும். அது சேரச் சேர, கணக்கு தடுமாறும். அடுப்பில் வைத்த பால் மறந்துபோகும். 'வயசானா அப்படித்தான்' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள்.

மாத்திரை இதைத் தடுக்குமா? ஸ்வீடனில் 4.44 லட்சம் நோயாளிகளின் பதிவேடுகளை அலசிய ஆய்வு 2017-ல் வெளியானது. ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை எடுத்தவர்களுக்கு டிமென்ஷியா எனும் மறதிநோய் ஆபத்து 29 சதவிகிதம் குறைவாக இருந்தது. பதிவேடுகளை மட்டும் பார்த்த ஆய்வு என்பதால், மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. பக்கவாத ஆபத்து குறைந்த, 62 வயதுக்கு உட்பட்டவர்களிடம் கனடாவில் நடந்த ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது. அவர்களுக்கு இந்த மாத்திரையால் நினைவாற்றலில் பலன் தெரியவில்லை. ஆக, மறதிக்குப் பயந்து யாரும் தானாக இதை வாங்கிப் போடக் கூடாது. பக்கவாதத்தைத் தடுக்க டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால், தானாக நிறுத்தவும் கூடாது.

நம் நாட்டில் இது முதியவர்களின் பிரச்னை மட்டுமல்ல. சிறுவயதில் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்தால், 30, 40 வயதிலேயே துடிப்பு தாறுமாறாகலாம். ருமாட்டிக் வால்வு நோயாளிகளுக்குப் புதிய மாத்திரையான ரிவராக்ஸபனைவிட, வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற பழைய வகையே சிறந்தது என்று 2022-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது.

கவனிக்க வேண்டியவை:

* வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்பவர்கள் டாக்டர் சொன்ன இடைவெளியில் ஐ.என்.ஆர் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டும்.

* கீரையை ஒதுக்க வேண்டாம். வாரம்தோறும் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும்.

* புதிய வகை மாத்திரைகளின் வேலை ஒரு நாளிலேயே குறைந்துவிடும். வேளை தவறக் கூடாது.

* இடுப்பு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகரிக்கும். ஆஸ்பிரின் இதற்கு மாற்று அல்ல.

* கறுப்பாக மலம் போனாலோ, சரிவில் விழுந்து தலையில் அடிபட்டாலோ, காயம் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

* வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் வந்தால் 108. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மலையிலிருந்து இறங்கும் நேரமும் அதில் அடக்கம்.

மறதி தொடங்கிவிட்டவருக்கு மாத்திரையும் மறந்துபோகும். அங்கேதான் வீட்டில் இருப்பவர்கள் துணை தேவை. தூக்குவாளியை எடுத்துக் கொடுக்கும்போதே, 'மாத்திரை போட்டாச்சாம்மா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும்.